சூரியனுக்குச் சான்றிதழ் இல்லை

எங்கள் மையத்தில் வெளிச்சம் கெடாது. கெட்டால் கண்தான் கெடும். இதை நானாகச் சொல்லவில்லை. வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் தரக்கொள்கையின் ஏழாவது வரி இதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது: ‘இம்மையத்தின் ஒளி நிலையானது, மாறக்கூடியது மனிதப் பார்வை மட்டுமே.’ மூன்று வருடமாக இங்கே கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அந்த வரியைத் தினமும் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். பேர் முஸம்மில், ஊர் பேரணாம்பட்டு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று வீட்டிலும் சொல்வார்கள், மெமோவிலும் எழுதியிருக்கிறார்கள்.

மாதனூர் தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கிறது மையம். முழுப்பெயர் ‘வட்டாரத் தோல் நிறப் பொருத்தப் பொது மையம்’. சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிடும் டேனரி முதலாளிகள் சேர்ந்து கட்டியது. வெளிநாட்டுக்காரன் ஒரு பழுப்புத் துண்டை அனுப்பி இதே நிறத்தில் தோல் வேண்டும் என்பான். இவர்கள் சாயம் போட்டு அனுப்புவார்கள். இது அந்தப் பழுப்பு இல்லை என்று அவன் கண்டெய்னரையே திருப்பி அனுப்புவான். இந்தத் தலைவலிக்காகத்தான் ஜன்னல் இல்லாத ஓர் அறை, சாம்பல் நிறச் சுவர், மேலே நான்கு விளக்கு. அவன் அனுப்பிய துண்டையும் நம் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்துகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். கண்ணால் பார்க்கிறவர் எழிலரசி அக்கா.

அக்காவுக்கு மாதனூர் பக்கத்துக் கிராமம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் நிறம் பார்த்த கண். பத்து கறுப்புத் தோலைப் போட்டால் எதில் நீலம் ஒளிந்திருக்கிறது, எதில் பச்சை ஒளிந்திருக்கிறது என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். மூன்று வருடம் முன்பு முதலாளிகளே கூப்பிட்டு இங்கே உட்காரவைத்தார்கள். அவருக்கும் கான்ட்ராக்ட்தான். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு டைப் அடித்து, கையெழுத்துக்காக எட்டு மாதமாக இயக்குநர் மேசையில் இருந்தது.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் அக்கா இரண்டு தோல் துண்டுகளோடு போர்ட்டிகோவுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

“உள்ள வெச்சா ரெண்டும் ஒண்ணா இருக்குது பாய். இங்க பாரு, ஒண்ணு செங்கல்லு, ஒண்ணு மண்ணு. லைட்டு ஊதா அடிக்குது.”

சாயம் வேறு வேறாக இருந்தால் அப்படித்தான். ஒரு வெளிச்சத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு தோல் இன்னொரு வெளிச்சத்தில் யாரோ எவரோ ஆகிவிடும். அதனால்தான் வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு பெரிய கட்டடம் கட்டினார்கள். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப்போய் அறையில் பிடித்துப் பார்த்தேன். தாள் லேசாக நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. அக்கா ரிப்போர்ட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் ‘வெளிச்சம் சரியில்லை’ என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் தோலைப் பற்றி மட்டுமே எழுதலாம் என்று ரிப்போர்ட் திரும்பி வந்தது.

எங்கள் சிஸ்டம்ஸ் ஆபீசர் ஜெயசீலன் சார் அக்காவைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தாமல் விசாரித்தார்.

“வெளிய பாத்தேன்னு சொல்றீங்க. அந்த வெளிச்சத்துக்கு கேலிபரேஷன் சர்டிபிகேட் இருக்குதாம்மா? சூரியன் காலைல ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. மேகம் வந்தா இன்னொரு மாதிரி. யார் மெயின்டெய்ன் பண்றாங்கன்னே தெரியாது. அதை நம்பி நான் எப்பிடி சீல் போடறது?”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. சூரிய ஒளியில் தோல் பார்ப்பது தடை. மறுவாரம் போர்ட்டிகோவுக்குப் பச்சை வலை கட்டினார்கள். அடுத்த வாரம் லாரியிலிருந்து இறக்கும் சாம்பிள்களைக் கறுப்புப் பையில் போட்டே கொண்டுவர வேண்டும் என்றார்கள். வழியில் தவறி வெயில் பட்டுவிட்ட சாம்பிளை இருபத்துநான்கு மணி நேரம் இருட்டு ரூமில் வைக்க வேண்டுமாம், வெயிலின் தாக்கம் நீங்குவதற்காக. டேனரியில் நாள்கணக்காக வெயிலில் ஆணியடித்துக் காயவைத்த தோல் அது. சொன்னால் கேட்பார்களா? நான் சொன்னேன். அதற்குத்தான் முதல் மெமோ.

அக்கா விடவில்லை. யாருக்கும் தெரியாமல் வெயிலில் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று எழுதினார். அறையில் பார்க்கிற மற்ற எல்லாருக்கும் பொருந்தியது. ஆகவே வழக்கமான முறைப்படி அக்காவுக்குக் கண் பரிசோதனை என்று முடிவானது. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ‘நிறப் பார்வைத் தகுதியின்மை’ என்று அறிக்கை எழுதி, உறுப்பினராக இருக்கும் எல்லா டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்த நிற மேசையிலும் அவரை உட்கார விடமாட்டார்கள். பதினாலு வருடம் சோறு போட்ட கண் அது, வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

பரிசோதனையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? அதே அறையில், அதே நான்கு விளக்குக்குக் கீழே. தரமான வெளிச்சம் வட்டாரத்திலேயே அங்கேதான் இருக்கிறதாம். புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும், கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வெளியே டியூப்லைட்டில் பார்த்தால் எனக்கே தெரிகிற எண் அந்த அறைக்குள் போனதும் காணாமல் போனது. அக்கா உண்மையைச் சொன்னார், எண் தெரியவில்லை என்று. டாக்டருக்கும் தெரியவில்லை. அவர் கையில் விடைத்தாள் இருந்தது, அதைப் பார்த்து ‘இது எழுபத்துநாலும்மா’ என்று வருத்தத்தோடு சொன்னார். பத்து நாள் கழித்து இரண்டாவது வாய்ப்பும் அப்படியே போனது.

“இன்னும் ஒண்ணுதான் இருக்குது பாய். லைட்டுல இன்னா ஆச்சுன்னு பாத்துடேன்,” என்றார் அக்கா.

விளக்குகளை நடத்துவது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடுவது. அதில் இருக்கும் மென்பொருள் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று தானமாக விட்டது. எங்கள் மையத்தில் அதை ஆளுயர ஸ்டீல் பீரோவுக்குள் வைத்து இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஒட்டிய சொத்து எண் ஸ்டிக்கர் அதைவிடப் பெரியது, காற்றுத் துவாரம் முழுக்க அடைபட்டுக் கிடக்கிறது. திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஜெயசீலன் சாருக்கு முகம் மாறிவிட்டது.

“ஓப்பன் சோர்ஸ்னா இன்னா அர்த்தம் தெரியுமா முஸம்மில்? உலகத்துல யார் வேணா தொறக்கலாம். அதனாலதான் நாம இவ்ளோ ஜாக்கிரதையா பூட்டி வெச்சிருக்கோம்.”

விண்ணப்பம் கொடுத்தேன். இலவசப் பொருளைப் பழுது பார்க்க எந்தத் தலைப்பில் அனுமதி தருவது என்று ஆடிட்டருக்கு எழுதிக் கேட்டார்கள். விற்றவன் யாரோ அவனிடம் புகார் கொடு என்று ஆடிட்டர் எழுதினார். விற்றவன் என்று ஒருவனும் இல்லை. அதனால் விற்றவர் இல்லை என்பதற்கு விற்றவரிடமிருந்தே கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். இந்தக் கூத்து ஐந்து வாரம் நடந்தது.

பேஜாராகி, அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையதளத்தில் என் செல்போனிலிருந்து கேள்வி கேட்டேன். ஒரு மணி நேரத்தில் எந்த நாட்டுக்காரனோ பதில் போட்டான். பொறுமையாக, என்னை ‘நண்பரே’ என்று கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் குறிப்புகளை அனுப்பச் சொன்னான். மூன்று வருடத்தில் இந்த விளக்குகளைப் பற்றி ஒரு மனுசன் என்னிடம் அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. மையத்தின் தகவலை வெளிநாட்டுக்குக் கொடுக்க முயன்றதாக இரண்டாவது மெமோ வந்தது.

கடைசியில் ஜெயசீலன் சாரே மனம் இரங்கி, அவர் முன்னால், அவர் சாவியால், இருபது நிமிடம் மட்டும் என்று பீரோவைத் திறந்தார். குறிப்புகளைப் பார்த்தேன். எல்லாம் சரி, சரி, சரி என்று ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் கம்ப்யூட்டர் விளக்குக்குச் சொல்லும். விளக்கு கேட்டதா, என்ன செய்தது என்று திரும்பிக் கேட்காது. சொல்லியாகிவிட்டதா, வேலை முடிந்தது. எங்கள் மையத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை ஊரெல்லாம் தேடியும் வாங்கியிருக்க முடியாது.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று வரிசையாகக் கோடுகள். எதை ஏற்றினால் அந்த நிறம் விளக்கில் ஏற வேண்டும். முதல் விளக்கின் சிவப்பை மட்டும் ஏற்றினேன். விளக்கு எரியவே இல்லை. பச்சையை ஏற்றினேன். சிவப்பாக எரிந்தது. நீலத்துக்குப் பச்சை. ஆக, எல்லாம் ஒரு வீடு தள்ளிப் போகிறது, கதவு எண் மாறிப்போன தெருவில் தபால் போடுகிற மாதிரி. கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. ஏணி போட்டு ஏறினேன். ஒவ்வொரு விளக்கின் அடியிலும் அதன் எண்ணைக் காட்டும் சின்னத் திரையும், எண்ணை ஏற்ற ஒரு பொத்தானும் உண்டு. ஒரு விளக்குக்கு நான்கு நிறம், நான்கு எண் என்பதால் 1, 5, 9, 13 என்று இருக்க வேண்டியவை 2, 6, 10, 14 என்று இருந்தன. நான்கு பொத்தான் மேலும் குங்குமம்.

எனக்கு அங்கேயே விஷயம் புரிந்தது. ஆயுத பூஜை அன்று இயக்குநர் பெருமாள் சார் தன் கையாலேயே எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பொடி கருகிவிடாமல் இருக்க, சூடேறாத இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்தார். சூடேறாத இடம் அந்தப் பொத்தான் ஒன்றுதான். விரல் பட்டது, எண் ஒன்று ஏறியது. நான்கு விளக்கு, நான்கு பொட்டு, நான்கு அழுத்து. அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பொரியும் கடலையும் வாங்கித் தின்றதும் நான்தான்.

இருபது நிமிடம் முடிந்தது என்று ஜெயசீலன் சார் பீரோவைப் பூட்டினார். நான்கு பொத்தானைச் சரிசெய்ய நான்கு நொடி போதும் என்றேன். கண்டுபிடிக்க மட்டும்தான் அனுமதி, சரிசெய்ய கமிட்டி கூட வேண்டும் என்றார். இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். குங்குமம் என்று எழுதாமல் ‘சிவப்புப் பொடி’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

கமிட்டி கூடியது. அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சிவப்புப் பொடி யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் இயக்குநரே எழுந்தார்.

“முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் நடந்த எந்தத் தப்பையும் நான் தனியா பண்ணதே இல்ல. எல்லாம் கமிட்டியோட சேந்து பண்ணதுதான், மினிட்ஸ் இருக்குது. அந்தப் பொட்டு நான் தனியா வெச்சது. அப்போ அது எப்பிடி தப்பா இருக்க முடியும்?”

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் விடாமல், ஒரே ஒரு தடவை செய்து காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். சரி என்று எல்லாரும் அறைக்கு வந்தார்கள். ஏணியில் ஏறி நான்கு விளக்கையும் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தேன். அறை பளிச்சென்று வெளுத்தது. காகிதம் காகிதமாகத் தெரிந்தது. வாசலில் எட்டிப் பார்த்த அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மேசை மேல், பூஜைக்கு அப்புறம் பாஸ் செய்த தோல்களும் அவற்றின் ஜோடித் துண்டுகளும் வரிசையாக இருந்தன. வெளுத்த வெளிச்சத்தில் ஒரு ஜோடியும் சேரவில்லை. செங்கல்லுக்குப் பக்கத்தில் மண், மண்ணுக்குப் பக்கத்தில் சாணி. நான்கு மாதமாக டேனரிக்காரர்கள் இந்த அறையில் பாஸாக வேண்டுமே என்று ஊதா வெளிச்சத்துக்கு ஏற்றபடி சாயத்தை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதை.

இயக்குநர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூசுகிறது என்றார். நேற்றுவரை நன்றாக இருந்த ஜோடிகளை எல்லாம் ஒரே நிமிடத்தில் இவன் கெடுத்துவிட்டான் என்று ஓர் உறுப்பினர் என்னைக் காட்டினார். ஜெயசீலன் சார் கேலிபரேஷன் சான்றிதழைக் கொண்டுவந்தார். பூஜைக்கு அடுத்த மாதம் வாங்கியது. அன்றைக்கு வந்த ஆளின் மீட்டரில் பேட்டரி இல்லை, அதனால் கம்ப்யூட்டர் திரையில் இருந்த எண்களைப் பார்த்துப் போன வருட எண்களோடு சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஆகவே சான்றிதழ் உள்ள வெளிச்சம் ஊதாதான். சான்றிதழ் இல்லாத வெளிச்சம் என்னுடையது. 2, 6, 10, 14 ஆகியவையே மையத்தின் முறையான எண்கள் என்று தீர்மானம் போட்டார்கள். பொத்தான்களுக்கு அரக்குச் சீல் வைத்தார்கள். இனி ஆயுத பூஜைக்கு விளக்குகளுக்கு ஸ்டிக்கர் பொட்டு மட்டுமே, அதுவும் பீரோவின் வெளிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று மூன்றாவது தீர்மானம். சீல் வைக்கும் முன் ஏணியில் ஏறி எண்களைத் திரும்ப மாற்றியது நான். அழுகை வந்தது, வெட்கத்தில் கீழே பார்க்கவில்லை.

மூன்றாவது பரிசோதனை மறுநாள். அதே புத்தகம் என்று எனக்குத் தெரியும். அதன் எண்கள் எல்லாம் இணையத்திலேயே கிடந்தன. ராத்திரியே பக்க வாரியாக ஒரு தாளில் எழுதி, காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அக்காவிடம் கொடுத்தேன். மனப்பாடம் செய்யுங்கள், எண் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பாஸ் என்றேன். அக்கா தாளைப் பார்த்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

“தெரியாததத் தெரியுதுன்னு சொல்ல கத்துக்கினா, அப்புறம் தெரியறது எதுன்னு எனக்கே மறந்துடும் பாய்.”

உள்ளே போய், ஒவ்வொரு பக்கத்துக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் இந்தத் தடவையும் வருத்தப்பட்டார். அறிக்கை அன்று மதியமே எல்லா கம்பெனிக்கும் போனது. அக்காவின் வேலை உத்தரவில் எட்டு மாதமாகியும் ஒரு கையெழுத்துப் போடாத மையம் அது, இதை மூன்று மணி நேரத்தில் முடித்தது. அக்கா டிபன் பாக்ஸையும் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி மையத்தின் சொத்து என்று கேட் வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று ஜெயசீலன் சார் என்னைக் கூப்பிட்டார். ஒளி அமைப்பைப் பற்றி நன்கு அறிந்தவர் என்ற முறையில் என்னையே நிறம் பார்க்கப் போடலாம் என்று கமிட்டி கருதுகிறதாம். கண் பரிசோதனை மட்டும் பாஸாக வேண்டும். என் கான்ட்ராக்ட் மார்ச்சில் முடிகிறது, மெமோ இரண்டு இருக்கிறது என்பதையும் மெதுவாக நினைவுபடுத்தினார். அன்று சாயந்திரம் அக்காவுக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“நீயே உக்காரு பாய். வேற எவனாச்சும் உக்காந்தா, தப்புன்னு கூட அவனுக்குத் தெரியாது.”

உட்கார்ந்தேன். பரிசோதனையில் ஓர் எண்ணும் எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் இருந்த தாள்தான் மனப்பாடமாகியிருந்ததே, பதினேழு பக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்தேன். மையத்தின் வரலாற்றிலேயே இப்படியொரு பார்வை இல்லை என்று டாக்டர் எழுதினார். அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு, தரக்கொள்கைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். ஒரு நாளைக்கு முப்பது லாட் தோல் பார்க்கிறேன். பொருந்துகிறது, பொருந்துகிறது என்று எழுதுகிறேன். மூன்றாவது மெமோ வரவில்லை.

அக்காவுக்கு ஆம்பூரில் அந்தப் பழைய ஷூ கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. நிறம் பார்க்கிற மேசையில் இல்லை, அறிக்கை அங்கேயும் போயிருக்கிறதே. பேக்கிங்கில், இடது ஷூவையும் வலது ஷூவையும் ஜோடி சேர்த்து டப்பாவில் வைக்கிற வேலை. போன வெள்ளிக்கிழமை டீ டைமில் போன் செய்தார்.

“உங்க சென்டர் சீல் போட்ட தோலு இன்னைக்கு ஷூவா வந்துச்சு பாய். எடது ஒரு நெறம், வலது ஒரு நெறம்.”

சூப்பர்வைசரிடம் சொன்னீர்களா அக்கா என்று கேட்டேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“சொன்னா கண்ணு டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. ஜோடி போட்டு டப்பால வெச்சுட்டேன்.”